பரணிலிருந்து இறங்கிய மிளகு

கண்ணாயிக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன சட்டம் சொன்னாலும் அது நல்லதா கெட்டதா என்று முதலில் கேட்கமாட்டாள். "இத ஆரு முடிவு பண்ணுனது?" என்றுதான் கேட்பாள். பதில் வரும்வரை இடத்தை விட்டு நகரமாட்டாள்.

ஒரு சமயம் கொல்லிமலைச் செம்மேட்டிலிருந்து கிளம்பும் கடைசி பஸ் தினமும் பத்து நிமிடம் முன்னதாகவே போய்க்கொண்டிருந்தது. ஊரே டிரைவரைத் திட்டியது. கண்ணாயி திட்டவில்லை. கண்டக்டரைக் கேட்டாள், பஸ் ஸ்டாண்டில் நேரம் குறிப்பவரைக் கேட்டாள், டிப்போவுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டாள். மூன்று வாரம் கழித்து விஷயம் வெளியே வந்தது. யாரும் முடிவு பண்ணவில்லை. டிரைவருக்கு அந்த நேரத்தில் பசி எடுக்கும், அவ்வளவுதான். பஸ் பழைய நேரத்துக்குத் திரும்பியதில் ஊருக்கு சந்தோஷம். யாருமே முடிவு பண்ணாத சட்டமும் உலகத்தில் உண்டு என்று தெரிந்ததில் கண்ணாயிக்கு சந்தோஷம்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. வாழவந்தி நாடு என்னும் மலைப்பகுதியில் பிறந்து, அங்கேயே இரண்டு மைல் தள்ளி வாழ்க்கைப்பட்டவள். படிப்பு எட்டாவது. கணவன் குப்புசாமி அதிகம் பேசமாட்டார். ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்பது அவர் எண்ணம். மேட்டுக்காடு இரண்டு ஏக்கரில் மரவள்ளியும் சாமையும் போக, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி. கண்ணாயிக்கு சர்க்கரை கொஞ்சம், முழங்கால் வலி கொஞ்சம். மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்வாள், வலியைப் பற்றிப் பேசமாட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஊரில் இருபத்திரண்டு வீடுகள் சேர்ந்து மிளகைக் கூட்டாக விற்பது என்று முடிவாயிற்று. அதற்குக் கண்ணாயியைத் தலைவியாகப் போட்டார்கள். பக்கத்து வீட்டு மாதம்மாள் அதற்கு ஒரு காரணம் சொன்னாள்: "இவ நம்மளக் கேள்வி கேட்டா நமக்குத் தலைவலி. வாங்க வர்றவனக் கேட்டா அவனுக்குத் தலைவலி. வாசல்ல நிறுத்துங்க இவள."

வாங்க வந்தவர் சேந்தமங்கலத்து ஹபீப் ரஹ்மான். அப்பா காலத்திலிருந்து மலைச்சரக்கு வியாபாரம். போன வருடம் அவர் ஒரு நல்ல சேதி கொண்டுவந்தார். கொச்சியில் இருக்கும் ஏற்றுமதிக்காரர் ஒருவர் மூலம் ஜெர்மனியில் ஒரு கம்பெனி மருந்தடிக்காத மலை மிளகு கேட்கிறது. மாதிரி தேறிவிட்டால் இருபத்திரண்டு வீட்டு மிளகையும் ஐந்து வருடத்துக்குத் தொடர்ந்து எடுத்துக்கொள்ளும். கூட்டுச் சேரும் முன் ஒவ்வொரு வீடும் மூட்டையை பஸ் கூரையில் ஏற்றிச் செம்மேட்டுச் சந்தைக்குக் கொண்டுபோய், சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. கண்ணாயி வீடு வீடாக ஏறி இறங்கி எல்லோரையும் சம்மதிக்க வைத்தாள். "தேறுமா?" என்று கேட்டவர்களிடம் "தேறாம? மருந்து வாசமே தெரியாத மிளகு" என்றாள்.

ஆவணி மாதம் ஹபீப் ரஹ்மான் ஒரு தாளோடு வந்தார். வண்டியை விட்டு இறங்கும்போதே முகம் சரியில்லை.

"அக்கா, மிளகு பெயிலுங்க."

"எதுல?"

"ஒரு ரசாயனம். பேரு எனக்கே வாயில நுழையல. அவங்க அளவுக்கு மேல இருக்குதாம்."

"நாங்க மருந்தே அடிக்கறதில்லீங்களே பாய்."

"அதையேதான் நானும் சொன்னேன். அடிச்சாத்தான் வரணும்னு இல்லையாம். சாக்குலருந்து வரலாம், பொகையிலருந்து வரலாம், வேற எதுலருந்தும் வரலாம்கறாங்க. இன்னொரு தடவ பாப்போம்னு கெஞ்சி வாங்கியாந்திருக்கேன். அடுத்த அறுப்புல ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போச்சுன்னா கொல்லிமலைப் பக்கமே திரும்ப மாட்டாங்க."

தாளைக் கண்ணாயி வாங்கிப் பார்த்தாள். எண்ணுக்கு முன்னால் ஒரு சைபர், புள்ளி, பிறகு இன்னொரு சைபர். ஒரு கிலோ மிளகில் கண்ணுக்குத் தெரியாத துளி. வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள், அல்லது பாயைத் திட்டியிருப்பாள். கண்ணாயி காய்ச்சல்காரியிடம் விசாரிப்பவளைப் போல ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்த மூட்டையிலிருந்து மாதிரி எடுத்தார்கள்? எத்தனை நாள் கழித்துப் பார்த்தார்கள்? கடைசியில், "மூணு பொட்டணம் தர்றேன், தனித்தனியாப் பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

"மூணா! லேப்காரன் எனக்கு மாலை போட்டு வரவேப்பான்."

"போடட்டுமுங்க. உங்க கழுத்துக்கு நல்லாத்தான் இருக்கும்."

முதல் பொட்டணம் மாதம்மாள் வீட்டுப் பரணிலிருந்து, பழைய சாக்கு. இரண்டாவது கண்ணாயியின் சொந்தப் பரணிலிருந்து, புத்தம் புதுச் சாக்கு. மூன்றாவது பானுமதி வீட்டிலிருந்து. பானுமதி சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவள். நாளெல்லாம் அடுப்படியில் நின்றது போதும் என்று வீட்டில் கேஸ் மட்டும்தான் வைத்திருந்தாள். அவள் சாக்கு ஊரிலேயே பழையது.

பதில் இருபது நாளில் வந்தது. பரண் மிளகு இரண்டும் பெயில். புதுச் சாக்கு காப்பாற்றவில்லை. பானுமதியின் ஓட்டைச் சாக்கு மிளகு சுத்தமாகத் தேறியிருந்தது.

"அப்ப பொகைதான்" என்றாள் கண்ணாயி. தோற்ற மிளகு அவளுடையது என்பதே அப்போது அவளுக்கு நினைவில்லை. கண்டுபிடித்துவிட்டாள் அல்லவா.

அடுப்புக்கு நேர் மேலே பரண், பரணில் மிளகு: கொல்லிமலையில் யாரும் இதை ஒரு வழக்கம் என்று நினைத்ததே இல்லை. கூரை மேலே இருப்பது போல அது அங்கே இருக்கும். மழை பிடித்தால் மாதக்கணக்கில் பனியும் சாரலும்தான். கீழே வைத்த மிளகு பூஞ்சணம் பூத்துவிடும். அடுப்புச் சூடும் புகையும் பட்டால் மொறுமொறுவென்று கிடக்கும், பூச்சி அண்டாது. இப்போது புகை பட்டால் ஜெர்மனிக்காரர் வாங்கமாட்டார். புகை படாமல் பூஞ்சணம் பூத்தாலும் வாங்கமாட்டார்.

அந்த வருடத்து மிளகு சேலம் வியாபாரிகளுக்குப் போயிற்று. அங்கே யாரும் புகையைப் பற்றிக் கேட்கவில்லை. கண்ணாயி செம்மேட்டுக்கு பஸ் ஏறினாள். இந்த அளவை யார் முடிவு பண்ணியது என்று தெரிய வேண்டும்.

தோட்டக்கலை ஆபீசில் அருணா என்று ஒரு பெண் வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிற அதிகாரி. கண்ணாயிக்கு அவளைப் பிடிக்கும்.

"மேடம், இந்த அளவ மாத்தச் சொல்லி மனு குடுக்கணும்னா ஆருக்குக் குடுக்கறது?"

"எங்களுக்கு இல்லைங்கம்மா."

"கலெக்டருக்கு?"

"அவருக்கும் இல்லை. சென்னைக்கும் இல்லை, டெல்லிக்கும் இல்லை. நம்ம நாட்டுக்குள்ள விக்கற மிளகுக்கு நம்ம அரசாங்கம் அளவு போடும். இது அங்க விக்கற மிளகுக்கு அங்க போட்ட அளவு."

"அப்ப ஜெர்மனிக்கு எழுதட்டுங்களா?"

"ஜெர்மனியாலயும் தனியா மாத்த முடியாதுங்கம்மா. இருபத்தேழு நாடு ஒண்ணாச் சேர்ந்து போட்ட அளவு அது. பிடிக்காத நாடும் அதுக்குக் கட்டுப்படணும்."

கண்ணாயிக்கு இது புரியாத விஷயமில்லை. ஓர் ஊர்ச் சங்கதி என்றால் ஊர்க்கவுண்டர் முடிப்பார். ஊர்களுக்குள் தகராறு என்றால் மேலே போகும். மலை முழுவதுக்கும் பொதுவானது என்றால் எல்லாப் பக்கத்துப் பெரியவர்களும் கூடி உட்காருவார்கள். அங்கே முடிவானதைத் தனி ஊர் ஒன்று தன் வசதிக்கு மாற்ற முடியாது. மாற்றிய ஊரின் திருவிழாவுக்கு ஒருத்தரும் வராமல், சமைத்த சோறு மாட்டுக்குப் போனதை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள்.

"சரி மேடம். அந்த இருபத்தேழு பேரு கூட்டத்துல நம்மாளு ஒருத்தராச்சும் இருக்காங்களா?"

"இல்லைங்க."

"நாம இல்லாத கூட்டத்து முடிவு நம்மளக் கட்டுமா?"

"கட்டாதுங்கம்மா. நாம பாட்டுக்கு இருக்கலாம். அவங்களுக்கு விக்கப் போனாத்தான்."

"சம்பந்தம் பண்ணப் போனா அவங்க ஊட்டு முறைக்குத் தலையாட்டோணும். ம். இப்ப ஐரோப்பாக்காரங்களோட ஒப்பந்தம் பேசறாங்கன்னு டிவியில சொல்றாங்களே, அதுல இதப் பேச மாட்டாங்களா?"

"அது பெரும்பாலும் வரியப் பத்தின பேச்சுங்கம்மா. முழு மிளகுக்கு அங்க ஏற்கெனவே வரி கிடையாது. சாப்பாட்டுல எது எவ்வளவு இருக்கலாம்கறத அவங்க பேரத்துல வெக்க மாட்டாங்க. ஜெனிவான்னு ஒரு ஊர்ல எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஒரு வியாபார சபை இருக்குது. அங்க நம்ம நாட்டுக்கும் நாற்காலி உண்டு. அங்க கேக்கலாம். வருசக்கணக்குல ஆகும்."

"அந்த நாற்காலியில உக்காந்திருக்கறவருக்குப் பரண்னா என்னன்னு தெரியுங்களா?"

அருணா சிரித்துவிட்டாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கண்ணாயி சொல்லச் சொல்ல எழுதினாள். பரண் எத்தனை அடி உயரம், மழை எத்தனை மாதம், புகை இல்லாமல் வைத்தால் என்ன ஆகும். மாவட்ட ஆபீசுக்கு அனுப்புவதாகச் சொன்னாள், அனுப்பியும் வைத்தாள். அந்தத் தாள் அதற்குமேல் எங்கே போனது என்று கண்ணாயி இன்றைக்கும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஐப்பசியில் இருபத்திரண்டு வீடுகளும் கூடின. ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி, குப்புசாமிக்கு அண்ணன் முறை, பீடியோடு நடுவில் உட்கார்ந்தார். கண்ணாயி கேட்டுவந்ததையெல்லாம் சொன்னாள்.

"ஏங் கண்ணு, எம் பொண்டாட்டி அடுப்புப் பொகைக்கு அளவு போடறதுக்கு சீமைக்காரன் ஆரு?" என்றார் அர்த்தனாரி.

"ஒருத்தரில்லீங்க மாமா. இருவத்தேழு பேரு."

"இருவத்தேழு பேரு சேந்து ஊதுனா என் அடுப்பு அணைஞ்சிருமா?"

"அடுப்பு அணையாதுங்க" என்றாள் மாதம்மாள். "உங்க பீடிய மொதல்ல அணையுங்க. மிளகுச் சாக்கு மேலதான் சாஞ்சிருக்கீங்க."

சிரிப்பு அடங்கியதும் கண்ணாயி தன் யோசனையைச் சொன்னாள். சோற்றுக்கு எடுக்கிற மிளகு அவரவர் பரணிலேயே இருக்கட்டும். அதைக் கேட்க எந்த நாட்டுக்கும் உரிமையில்லை. விற்கிற மிளகு மட்டும் தனி. புதுக் கட்டடம் வந்தபின் பழைய அங்கன்வாடிக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. சிமென்ட் தரை, ஒழுகாத கூரை. பஞ்சாயத்தில் கேட்டு வாங்கிப் பலகை அடித்து மூட்டைகளைத் தூக்கி வைக்கலாம். பல்லில் கடித்தால் டக்கென்று உடைகிற வரைக்கும் வெயிலில் காயவைத்த பிறகுதான் உள்ளே. அறுப்பு முடிந்த கையோடு கொடுத்துவிட்டால் மழைக்காலத்துக்கு வைத்திருக்க வேண்டியதே இல்லை. வீட்டுக்கு ஒரு நாள் காவல்.

எல்லோரும் தலையாட்டினார்கள். தன்னைக் கேட்காமலே எல்லாம் முடிவாகிறதே என்று அர்த்தனாரிக்குக் கோபம்.

"செய்யறதுன்னா முழுசாச் செய்யுங்க!" என்று எழுந்து நின்றார். "பொகை வாசம் வந்த மூட்டை எவனுதுன்னே பாக்கக்கூடாது. மாமன் மச்சான்கற பேச்சே இல்ல. தூக்கி வெளிய போட்டரோணும். எழுதுங்க நோட்டுல!"

கிண்டலுக்குத்தான் சொன்னார். கண்ணாயி எழுதிவிட்டாள். ஊர்க்கவுண்டர் என்பதால் முதல் கையெழுத்தும் அவரே போட்டார்.

தை பிறந்து அறுப்பு தொடங்கியது. மாத நடுவில் ஐரோப்பாவோடு பேச்சு முடிந்துவிட்டது என்று டிவியில் கைகுலுக்கிக் காட்டினார்கள். கண்ணாயி மிளகு உதிர்த்துக்கொண்டே அருணாவுக்குப் போன் போட்டாள். "பொகை அளவு மாறுச்சுங்களா?" மாறவில்லை. "சரி மேடம்" என்று வைத்துவிட்டு உதிர்ப்பதைத் தொடர்ந்தாள்.

மாசியில் அங்கன்வாடி அறை நிறைந்தது. மாதிரி எடுக்க ஹபீப் ரஹ்மான் வருவதற்கு ஆறு நாள் இருக்கும்போது வானம் இருட்டிக்கொண்டது. மூன்று நாள் விடாத சாரல். எதிரே இருக்கிற மரம் தெரியவில்லை. மூன்றாம் நாள் காவல் அர்த்தனாரியுடையது.

அவர் கெட்ட மனிதரில்லை. மூட்டையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். சில்லென்று இருந்திருக்கிறது. இத்தனை வீட்டு மிளகும் பூஞ்சணம் பூத்துவிடுமே என்று பயந்து, வீட்டுக்குப் போய் இரும்புச் சட்டி நிறையத் தணல் அள்ளிவந்து அறைக்குள் வைத்து, குளிர் புகாமல் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டார். பிள்ளை பெற்றவள் அறையில் கரிச்சட்டி வைத்து, சாம்பிராணி போட்டு, குழந்தைக்கு மூச்சுத் திணறிய பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களும் இப்படித்தான். அக்கறையில் செய்கிற தவறில்தான் ஜன்னல்கள் இவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கும்.

காலையில் காவல் மாற்ற வந்த கண்ணாயி கதவைத் திறந்தாள். உள்ளே நுழைந்ததும் நின்றாள். மூலையில் சாம்பல் பூத்த சட்டி. அதன் பக்கத்தில் அர்த்தனாரி, நல்ல காரியம் செய்த களைப்பில்.

"வா கண்ணு. தொட்டுப் பாரு, எப்பிடி வெதுவெதுன்னு இருக்குதுன்னு."

அவள் கத்தவில்லை. "எப்ப வெச்சீங்க மாமா?"

"பொழுது சாயவே."

"மறுபடி தணல் போட்டீங்களா?"

"ஒருக்கா."

"எந்த ஜன்னலாச்சும் தெறந்திருந்துச்சா?"

"தெறந்து வெச்சா சூடு எப்பிடிம்மா நிக்கும்?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஜன்னல்களைத் திறந்து, மாதம்மாளையும் பானுமதியையும் கூப்பிட்டாள் கண்ணாயி. பானுமதிக்கு ஜலதோஷம் என்பதால் அவள் மூக்கு கணக்கில் வராது என்று அவளை வெளியே அனுப்பிவிட்டு வேறொருத்தியைக் கூட்டிவந்தாள். மூன்று பேரும் வெளிக்காற்றை இழுத்துவிட்டு ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்து முகர்ந்தார்கள். தூரத்துச் சுவரோரம் இருந்தவற்றில் மிளகு வாசம் மட்டும். சட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஆறு மூட்டையில் புகை வாசம். நான்கு அர்த்தனாரியுடையவை. இரண்டு கண்ணாயியுடையவை.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் மெல்லச் சொன்னார், "ரெண்டு நாள் காத்துல வெச்சா வாசம் போயிரும். பாய்க்கு என்ன தெரியவா போகுது?"

"பாய்க்குத் தெரியாது. மிசினுக்குத் தெரியும்" என்றாள் கண்ணாயி. அந்த ஆறு மூட்டை உள்ளே இருந்து மொத்தமும் தோற்றால் இருபத்திரண்டு வீட்டுக்கும் ஐந்து வருடம் போய்விடும். அது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

குப்புசாமி முன்னால் வந்தார். "நம்மளுது ரெண்டும் வாசம் அடிக்குதா?"

"அடிக்குதுங்க."

"சரி." ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

அர்த்தனாரிதான் தாங்கவில்லை. "அன்னைக்கு நாஞ் சும்மா பேச்சுக்குச் சொன்னது கண்ணாயி!"

"நோட்டுல ஏறிருச்சுங்க மாமா."

"ஊருக்காகத்தாண்டி ராத்திரியெல்லாம் முழிச்சேன்!"

"தெரியுமுங்க. அதுக்கு நோட்டுல எடமில்லீங்களே."

அவர் தன் நான்கு மூட்டையையும் தானே சுமந்துபோய், வீம்புக்குத் தன் வீட்டுப் பரணில், அடுப்புக்கு நேர் மேலே ஏற்றிவிட்டார். அதன்பின் கண்ணாயியோடு பேச்சு நின்றுபோனது.

ஹபீப் ரஹ்மான் வந்து மாதிரி எடுத்தார். கண்ணாயி தனியாக ஒரு சின்னப் பொட்டணத்தையும் நீட்டினாள்.

"இது என்னக்கா?"

"வெளிய தள்ளுன மூட்டை. எங்க மாமனோடது. பரணுக்குப் போறதுக்கு முன்னாலயே ஒரு கை எடுத்து வெச்சேன்."

"தள்ளுனதுக்கு எதுக்கு டெஸ்ட்டு?"

"ஒரு ராத்திரித் தணலு எத்தனை ஏறும்னு தெரிஞ்சுக்கோணும்."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சாப் போதுமுங்க."

ஹபீப் ரஹ்மான் வானத்தைப் பார்த்தார். பிறகு பொட்டணத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பங்குனிக் கடைசியில் போன் வந்தது. இருபத்திரண்டு வீட்டு மிளகு தேறிவிட்டது. சித்திரையில் லாரி ஏறும். மாதம்மாள் உரலில் குத்திக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஊரெல்லாம் சொல்லப் போய்விட்டாள்.

"அந்தச் சின்னப் பொட்டணம் என்னாச்சுங்க பாய்?" என்றாள் கண்ணாயி.

"அதக் கேக்காதீங்கக்கா. மயிரிழையில தேறியிருக்குது. உள்ள சேத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

போனை வைத்துவிட்டு அவள் கணக்குப் போட்டாள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் மூட்டை நான்கும் பரணில் இரண்டு மாதம் புகை குடித்தாயிற்று, அவளுடைய இரண்டும் செம்மேட்டுச் சந்தைக்குப் போயாயிற்று. இனி சேர்க்கவும் முடியாது. சொன்னால் சண்டை. ஆனால் எங்கோ போட்ட அளவை யார் போட்டார்கள் என்று மாதக்கணக்கில் கேட்டு அலைந்தவள், தன் கையில் இருக்கிற பதிலை எப்படி மூடி வைப்பாள்? எழுந்து அர்த்தனாரி வீட்டுக்குப் போனாள்.

அவர் மரவள்ளித் தோல் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தேறியதையும் சொன்னாள், மயிரிழையையும் சொன்னாள்.

அர்த்தனாரி கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப என் மிளகு நல்ல மிளகு."

"ஆமாங்க மாமா."

"நல்ல மிளகத் தூக்கி வெளிய போட்டிருக்கீங்க. வாசம் அடிச்சா வெளியங்கறது என்ன சட்டம்? மிசின் வெச்சுப் பாக்கறவங்ககிட்ட மூக்க வெச்சுச் சட்டம் போடறதா? இத ஆரு முடிவு பண்ணுனது?"

கண்ணாயிக்குப் பழக்கமான கேள்வி. அவரையே பார்த்தாள். அவர் தோல் உரித்த கிழங்கைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

"மாத்தோணும்னா என்ன பண்றது?" என்றார் கடைசியில், தணிந்த குரலில்.

"வெள்ளிக்கிழமை கூட்டமுங்க. வந்து கைதூக்குங்க."

"டெல்லிக்கெல்லாம் எழுதோணுமா?"

"வேண்டியதில்லீங்க மாமா. இது நாம போட்டது."

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். பீடியை வாசலிலேயே அணைத்துவிட்டு, நடுவில் உட்காராமல் எல்லோரோடும் வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வரும்வரை காத்திருந்து கையைத் தூக்கினார். பேச்சு ஒரு மணி நேரம் நீண்டது. சந்தேகப்பட்ட மூட்டையை வெளியே தள்ளாமல் தனியே வைத்து, மாதிரி அனுப்பிப் பதில் வந்த பிறகு முடிவு செய்யலாம் என்றார் அவர். வாசம் வந்ததும் வெளியே என்பதுதான் பயமில்லாத வழி என்றாள் பானுமதி. கையைத் தூக்கச் சொன்னபோது அர்த்தனாரியின் பக்கம் பன்னிரண்டு, பானுமதியின் பக்கம் பத்து.

கண்ணாயி பத்தில் ஒருத்தி. நோட்டைத் திறந்து, பழைய வரியை அடித்து, புதிய வரியை எழுதி, முதல் கையெழுத்துக்கு அர்த்தனாரியிடம் நீட்டினாள். அவர் இந்த முறை பேனாவை வாங்கியதும் கையெழுத்துப் போடவில்லை. எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரைக்கும் படித்தார்.